காருக்குள் தொப்பி கேட்க வைத்த கதை

அப்பா இளம் வயதில் ஏழு ஆண்டுகள் மிருதங்கம் கற்றவர். கல்யாணத்துக்குப் பிறகு கருவியைத் தொடவில்லை. காது மட்டும் அப்படியே இருக்கிறது. மாதத்துக்கு இரண்டு முறை மதுரையிலிருந்து காரைக்குடிக்கு அவரைக் காரில் அழைத்துப் போவேன். மேலூர் தாண்டியதும் ஏதாவது ஒரு கச்சேரிப் பதிவைப் போடுவது வழக்கம். ஒரு நாள், மிருதங்கம் தனித்து வாசிக்கப்படும் பகுதியான தனி ஆவர்த்தனம் ஓடிக்கொண்டிருந்தபோது, அவர் இடது கையால் தொடையில் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். திடீரென்று நிறுத்திவிட்டு, "வலந்தலை மட்டும்தான் கேட்கிறது. தொப்பி எங்கே போயிற்று?" என்று கேட்டார்.

மிருதங்கத்தின் வலது முகம் வலந்தலை, இடது முகம்தான் தொப்பி. அடியில் நின்று தாளத்தைத் தாங்கும் ஓசை அது. மணிக்கட்டை அழுத்தித் தேய்த்து வாசிக்கும் கும்கியில் அந்த ஓசை வழுக்கி மேலேறி இறங்கும். வீட்டில் நல்ல ஹெட்போனில் அதே பதிவைப் போட்டு, போனில் அலைவரிசை காட்டும் செயலியை வைத்துப் பார்த்தேன். தொப்பியின் பலம் 80 ஹெர்ட்ஸை ஒட்டி நின்றது. காரில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. ஸ்டீரியோவில் பேஸை, அதாவது தாழ்ந்த ஒலிகளை, மேலே ஏற்றினால் கதவு கரகரவென்று அதிர்ந்ததே தவிர, தொப்பி வரவில்லை.

பேஸ் போதவில்லை என்றால் எல்லோரும் முதலில் செய்வது அந்த எண்ணைக் கூட்டுவதுதான். நானும் மூன்று ஆண்டுகளாக பிளஸ் 6 டெசிபலில் வைத்திருந்தேன். 6 டெசிபல் கூட்டினால் ஆம்ப்ளிஃபையர் அந்த அலைவரிசையில் நான்கு மடங்கு சக்தி தர வேண்டும். டேஷ்போர்டு ஸ்டீரியோவின் அட்டைப் பெட்டியில் 4 x 50 வாட் என்று அச்சிட்டிருக்கும். ஆனால் அதற்குக் கிடைப்பது காரின் 14.4 வோல்ட்தான். 4 ஓம் ஸ்பீக்கருக்குள் அந்த மின்னழுத்தத்தைக் கொண்டு சிதைவில்லாமல் தரக்கூடிய உச்சம், கணக்குப் போட்டால் 26 வாட்டைத் தாண்டாது. நடைமுறையில் 20 வாட் வந்தால் பெரிது. அதற்கு மேல் கேட்டால் அலையின் தலை வெட்டுப்பட்டு வருகிறது. நம் காதில் விழும் கரகரப்பில் பாதி அதுதான்.

ஆகவே அலைவரிசை வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரின் எல்லா எண்களையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, முதலிலிருந்து தொடங்கினேன்.

முதல் சோதனைக்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. பேஸ் கிட்டார் தெளிவாக உள்ள ஒரு பாட்டைப் போட்டு, பேலன்ஸை முழுக்க வலது பக்கம் திருப்பினேன். ஒரு ஸ்பீக்கர் நின்று போனால் பேஸ் குறைய வேண்டும். எனக்கோ கூடியது! நடுவுக்குக் கொண்டுவந்தேன், மெலிந்தது. இடது பக்கம் முழுக்கத் திருப்பினேன், மறுபடியும் கூடியது. தனித்தனியாக ஒலிக்கும்போது பேஸ் தருகிற இரண்டு கதவுகள், சேர்ந்து ஒலிக்கும்போது ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன. இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஒரு ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் மாறிப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும்.

உறுதிப்படுத்த, கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் செல் ஒன்று போதும். ஸ்டீரியோவைக் கழற்றி, பின்னால் வரும் ஸ்பீக்கர் வயர்களை இணைப்பிலிருந்து பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் செல்லை ஒரு நொடி தொட்டுத் தொட்டு எடுத்தேன். பிளஸ் வயரில் செல்லின் பிளஸ் படும்போது கூம்பு முன்னால் வர வேண்டும். வலது கதவில் டொக் என்ற சத்தத்தோடு கூம்பு வெளியே வந்தது. இடது கதவில் அது உள்ளே போயிற்று. டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் ஒரு மில்லிமீட்டர் அசைவுகூடத் தெளிவாகத் தெரியும். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஸ்டீரியோ மாற்றிய கடையில் வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். அந்த இடத்திலேயே வயர்கள் நிறம் மாறி இணைக்கப்பட்டிருந்தன. அறுத்து, மாற்றிப் பற்றவைத்து, வெப்பத்தில் சுருங்கும் குழாயை மேலே போட்டேன்.

இது ஏன் பேஸை மட்டும் தின்கிறது என்பது யோசிக்க வேண்டிய விஷயம். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது. அப்படியானால் 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 4 மீட்டருக்கும் மேல். இரண்டு கதவுகளுக்கும் இடையில் இருப்பதோ ஒன்றேகால் மீட்டர். அவ்வளவு நீண்ட அலைக்கு அந்த இரண்டு ஸ்பீக்கர்களும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இருப்பவை. ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தால் மிச்சம் ஒன்றும் இராது. 2000 ஹெர்ட்ஸில் அலையின் நீளம் 17 சென்டிமீட்டர்தான். அங்கே ஓரிடத்தில் அழிந்தால் பக்கத்திலேயே கூடும், காது பொருட்படுத்தாது. பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் இரண்டு பக்கமும் சிதறிக் கேட்டதற்கும் இதுவே காரணம். மூன்று ஆண்டுகளாக அதைப் பதிவின் குறை என்று நினைத்திருந்தேன்.

இதற்குச் செலவு ஒன்றுமில்லை. காரில் பேஸ் இல்லை என்று யார் சொன்னாலும், எதையும் வாங்கும் முன் அந்தப் பேலன்ஸ் சோதனையைச் செய்து பாருங்கள் என்பேன்.

அடுத்தது கதவு. இந்த இடத்தில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன், அதற்குத் தகுந்த பலனும் கிடைத்தது. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் ஒரு அலையை அனுப்பும்போது பின்னால் அதற்கு நேர் எதிரான அலையை அனுப்புகிறது. இரண்டும் சந்திக்காமல் இருக்க வேண்டுமானால் நடுவில் ஒரு சுவர் வேண்டும். கதவின் உட்புறத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் பேடைக் கழற்றிப் பார்த்தால், பின்னாலுள்ள தகடு சுவராக இருக்காது. கண்ணாடி ஏற்றும் இயந்திரத்தைக் கைவிட்டுச் சரிசெய்வதற்கென்று பெரிய பெரிய ஓட்டைகள், அவற்றின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள், அவ்வளவுதான். பேஸ் அந்தத் தாள் வழியாக உள்ளே வந்து முன்னலையோடு மோதி அழிகிறது.

கதவுப் பேடைக் கழற்ற, கைப்பிடிக்குப் பின்னால் மூடி போட்டு மறைத்திருக்கும் திருகாணிகளை முதலில் எடுக்க வேண்டும். பிறகு கீழ் விளிம்பில் பிளாஸ்டிக் நெம்பியை நுழைத்து ஒவ்வொரு கிளிப்பாக விடுவிக்க வேண்டும். காரை அரை மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டுச் செய்தால் கிளிப்புகள் இளகி, உடையாமல் வருகின்றன. வலது கதவில் ஒன்றுகூட உடையவில்லை. நிழலில் காலையில் கழற்றிய இடது கதவில் மூன்று உடைந்தன.

தகட்டைச் சோப்பு நீரால் துடைத்து, காய்ந்தபின் ஸ்பிரிட் தொட்ட துணியால் மறுபடி துடைத்தேன். வெளித்தகட்டின் உட்புறத்தில், ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் தொடங்கி, அலுமினியத் தாள் முதுகில் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் ஷீட்டைத் துண்டு துண்டாக ஒட்டி, சிறு உருளையால் அழுத்தித் தேய்த்தேன். தாளின் மேல் உள்ள புடைப்புகள் சமமாகும் வரை தேய்க்க வேண்டும். காற்று சிக்கினால் அந்த இடம் வேலை செய்யாது. தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை. விளிம்புகளை விட்டுவிட்டு, நடுவில் அதிகம் அதிரும் பகுதிகளில் ஒட்டினாலே பெரும் மாற்றம் வந்துவிடுகிறது. விலை குறைவு என்று தார் ஷீட்டை வாங்காதீர்கள். மே மாத வெயிலில் நிறுத்திய காரின் கதவு தொட முடியாத அளவுக்குச் சுடும். அப்போது தார் இளகி வழியும், வாசனை வீட்டுக்குள் வரை வரும்.

ஒட்டிய பிறகு விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். முன்பு டங் என்று தகரம் போல நீண்ட ஓசை, இப்போது தொப் என்று அமுங்கி நின்றது. அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ரவை போடுவது மாதிரி இருக்கிறதே" என்றார். கச்சேரிக்கு முன்னால் தொப்பியின் நடுவில் ரவையைத் தண்ணீரில் பிசைந்து அப்புவார்கள். எடை கூடும்போது தோலின் சுருதி இறங்குகிறது, அடித்தொனி திரண்டு வருகிறது. வலந்தலையில் இருக்கும் கருப்புச் சோற்றின் வேலையும் எடையைப் பகிர்ந்து வைப்பதுதான். அதனால்தான் அந்தத் தோல் இசைவான மேற்சுரங்களைத் தருகிறது என்று சி.வி. ராமன் 1920லேயே எழுதினார். கதவுத் தகட்டில் நான் செய்ததும் எடை ஏற்றுவதுதான். கூடவே, பியூட்டைல் ரப்பர் அதிர்வை உள்ளேயே இழுத்து வெப்பமாக மாற்றிவிடுகிறது. தோல் பாட வேண்டும், தகடு பாடக்கூடாது. அந்த ஒரு வித்தியாசத்தைத் தவிர அப்பா சொன்னது மிகச் சரி.

பெரிய ஓட்டைகளை மூட, பெயர்ப்பலகை செய்யும் கடையில் கழிவாகக் கிடந்த 3 மில்லிமீட்டர் ஏ.சி.பி. ஷீட்டை வாங்கி வந்தேன். இரண்டு அலுமினியத் தாள்களுக்கு நடுவில் பிளாஸ்டிக் வைத்த பலகை அது. கத்தரி போன்ற கருவியால் வெட்டலாம், துருப்பிடிக்காது. ஓட்டையின் வடிவத்தை அட்டையில் வரைந்து, இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக வைத்து வெட்டி, சுற்றிலும் ஒட்டும் ஃபோம் நாடா வைத்துத் திருகினேன். ஒட்டிவிட்டால் நாளைக்குக் கண்ணாடி மோட்டார் பழுதானால் பிய்க்க வேண்டிவரும், திருகினால் எட்டுத் திருகாணியில் முடிந்துவிடும். துளையிடும் முன் கண்ணாடி எங்கே நிற்கிறது, துளைக்கருவியின் முனை எங்கே போகும் என்று உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டும். கதவின் அடி விளிம்பில் மழைநீர் வடிய வைத்திருக்கும் சிறு துளைகளை எக்காரணம் கொண்டும் மூடக்கூடாது. மூடினால் தண்ணீர் தேங்கி ஓராண்டில் கதவு அரித்துவிடும்.

பழைய ஸ்பீக்கர்களுக்குப் பதிலாக ஆறரை அங்குல ஜோடி ஒன்றைப் போட்டேன். அவற்றைத் தகட்டில் நேரடியாகத் திருகாமல், 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில் வளையம் வெட்டி நடுவில் கொடுத்தேன். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் அது. கதவுக்குள் தண்ணீர் வரும் என்பதால் மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை இங்கே ஆகாது, ஒரு மழைக்காலத்தில் ஊதிவிடும். வளையத்துக்கு மூன்று பூச்சு வார்னிஷ் அடித்தேன். ஸ்பீக்கரின் முகத்தைச் சுற்றி ஃபோம் வளையம் ஒன்றும் ஒட்டினேன். அது கதவுப் பேடைத் தொட்டு நிற்பதால் ஒலி பேடுக்குள் புகாமல் வெளியே வருகிறது.

எல்லாவற்றையும் மாட்டிவிட்டு அதே தனி ஆவர்த்தனத்தைப் போட்டேன். மிகத் தாழ்ந்த ஒலிகளுக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபரை இன்னும் வாங்கவில்லை. பேஸ் எண் பூஜ்யம். தொப்பி வந்திருந்தது. முழுதாக இல்லை, ஆனால் கும்கி வழுக்குவது தெரிந்தது.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம், பலருக்கு இது போதும். கதவு ஸ்பீக்கரால் முடிவது 70 ஹெர்ட்ஸ் வரைதான். அதற்குக் கீழே போகப் போக வேலை கடுமையாகிறது. ஒரே அளவு சத்தத்தைப் பாதி அலைவரிசையில் தர வேண்டுமானால் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ். அங்கே போக ஆறரை அங்குலக் கூம்புக்கு மூச்சு இல்லை. ஆகவே 10 அங்குல சப்வூஃபர் ஒன்று. ஆனால் கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் குழாய்ப் பெட்டியில் அதைப் போட எனக்கு மனம் ஒப்பவில்லை. அவற்றில் பல, ஏதோ ஓர் அலைவரிசையில் மட்டும் முட்டி மோதி அடிக்கும். தொப்பியில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சுருதி உண்டு. அந்தப் பெட்டிகளில் எல்லா அடியும் ஒரே சுருதியில் விழும்.

மூடிய பெட்டிக்குக் கணக்கு எளிது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் தொடங்கி, பின்னர் ரிச்சர்ட் ஸ்மால் விரிவாக்கிய முறை அது. சப்வூஃபரோடு வரும் தாளில் மூன்று எண்களைப் பார்க்க வேண்டும். என்னுடையதில் இயல்பு அதிர்வெண் 32 ஹெர்ட்ஸ், மொத்த கியூ (அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதைக் காட்டும் எண்) 0.5, அதன் நெகிழ்வுக்கு இணையான காற்றின் கொள்ளளவு 30 லிட்டர். பெட்டி 28 லிட்டர் என்றால், 30ஐ 28ஆல் வகுத்து, 1 கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 1.44. அதை 0.5ஆல் பெருக்கினால் பெட்டிக்குள் கியூ 0.72. இது 0.7ஐ ஒட்டி இருந்தால் பேஸ் முட்டாமலும் தொய்யாமலும் இறங்கும். அதே 1.44ஐ 32ஆல் பெருக்கினால் 46 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே ஒலி குறையத் தொடங்கும். ஆனால் மூடிய காருக்குள், அறையின் நீளம் அலையின் பாதி நீளத்தைவிடச் சிறிதாகும்போது, காற்றழுத்தம் தானாகக் கூடுகிறது. என் காரில் இது 70 ஹெர்ட்ஸ் வாக்கில் தொடங்கி, கீழே போகப் போக ஏறுகிறது. பெட்டி இறங்குவதும் கார் ஏற்றுவதும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. சிறிய காருக்கு மூடிய பெட்டி பொருந்துவது இதனால்தான்.

சப்வூஃபரின் காந்தமும் சட்டமும் 2 லிட்டர் இடத்தை அடைக்கும், ஆக உள்ளளவு 30 லிட்டர். 40 x 32 x 23.5 சென்டிமீட்டர் என்று எழுதிக்கொண்டு, எங்கள் தெருவில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரியிடம் போனேன். 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். அவர் தாளைப் பார்த்துவிட்டு, "உள்ளளவா, வெளியளவா தம்பி?" என்றுதான் முதலில் கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. உள்ளளவு என்றேன். பலகையின் கனத்தை இரண்டு பக்கமும் கூட்டி, 43.6 x 35.6 x 27.1 என்று அவரே எழுதிக்கொண்டார். ஃபெவிகால் தடவி, ஆறு அங்குலத்துக்கு ஒரு திருகாணி போட்டு இறுக்கி, பிதுங்கி வந்த பசையை விரலால் வழித்து உள் மூலைகளில் பூசினார்.

மறுநாள் சப்வூஃபரைப் பொருத்தி, பட்டறையிலேயே ஒரு ஆம்ப்ளிஃபையரை வைத்து 25 ஹெர்ட்ஸ் ஒலியை மெல்ல ஓட விட்டேன். ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி, விசிறியை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு மூட்டின் ஓரமாகவும் நகர்த்திக்கொண்டே வந்தேன். புகை நூல் போல நேராக மேலே போனது. ஆசாரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். வயர் செருகும் முனையம் பொருத்திய இடத்துக்கு வந்ததும், "அங்கே நிறுத்துங்கள் தம்பி, புகை நடுங்குகிறது" என்றார். கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. கூம்பு அசைய அசைய, அந்த இடத்தில் புகை நூல் உள்ளே இழுபட்டு வெளியே தள்ளப்பட்டு நெளிந்தது. "எம்சீல் வையுங்கள் அண்ணே" என்றேன். அவர் ஏற்கெனவே பிசையத் தொடங்கியிருந்தார். மூடிய பெட்டியில் அவ்வளவு சிறிய கசிவுகூட உஸ் என்ற ஓசையாகக் கேட்கும், காற்றின் பிடிப்பும் தளரும்.

மின்சாரத்துக்கு வருகிறேன். 200 வாட் சப்வூஃபருக்குப் போக வேண்டுமானால், கிளாஸ் டி வகை ஆம்ப்ளிஃபையர் சுமார் 18 ஆம்பியர் இழுக்கும். எட்டாம் எண் கனத்தில் உள்ள செம்புக் கேபிள் 5 மீட்டரில் 0.2 வோல்ட்டுக்குள்தான் இழக்கும், அது போதும். ஆனால் கடையில் "எட்டாம் எண்" என்று முதலில் எடுத்துக் காட்டிய கேபிளின் ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினேன், உள்ளே வெள்ளையாக இருந்தது. செம்பு பூசிய அலுமினியம். அதன் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். சுரண்டினாலும் சிவப்பாகவே இருந்த கேபிளைக் கேட்டு வாங்கினேன். பேட்டரி முனையிலிருந்து ஒரு முழத்துக்குள் 30 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தேன். இதில் யாரும் சமரசம் செய்யக்கூடாது. கேபிள் எங்காவது தகட்டில் உரசி மின்கசிவு ஏற்பட்டால், தீப்பிடிக்காமல் காப்பது அந்த ஒரு ஃபியூஸ்தான். எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம்.

எர்த் வயருக்கு டிக்கியில் உள்ள போல்ட் ஒன்றின் அடியில் பெயிண்ட்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு இறுக்கினேன். மின் கேபிள் இடது பக்கமும், ஸ்டீரியோவிலிருந்து ஒலியைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. கேபிள் வலது பக்கமும் போயின. எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் அந்த வீணான ரீங்காரம் ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

ஆம்ப்ளிஃபையரில் உள்ள கெயின் திருகியை ஒலியளவு என்று நினைத்துத் திருப்புவதால்தான் பல சப்வூஃபர்கள் எரிகின்றன. ஸ்டீரியோ அனுப்பும் மின்னழுத்தத்துக்கு ஆம்ப்ளிஃபையரைப் பொருத்துவதே அதன் வேலை. சப்வூஃபர் வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவின் ஒலியளவை 40க்கு 30இல் வைத்து, 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓட்டி, ஆம்ப்ளிஃபையர் முனைகளில் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்துப் பிடித்தேன். வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சாதாரண மீட்டரும் அந்த அலைவரிசையில் சரியாகக் காட்டும். 200 வாட்டை 4 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 28.3 வோல்ட். மீட்டர் அந்த எண்ணைத் தொடும் வரை கெயினைத் திருப்பி நிறுத்தினேன். ஆம்ப்ளிஃபையரில் தனியாக இருந்த பேஸ் பூஸ்ட் திருகியைப் பூஜ்யத்திலேயே விட்டுவிட்டேன்.

கதவுகளுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிப்பான், சப்வூஃபருக்கு அதே 80க்கு மேலே வெட்டுவது, இரண்டும் ஆக்டேவுக்கு (அலைவரிசை இரட்டிக்கும் இடைவெளிக்கு) 24 டெசிபல். பேஸ் பாரம் இறங்கியதும் கதவு ஸ்பீக்கர்கள் குரலை முன்பைவிடத் தெளிவாகத் தந்தன. ஆனால் தொப்பி இரண்டாகப் பிளந்து கேட்டது. தோலில் விரல் படும் ஓசை முன்னாலிருந்தும், அதன் அடித்தொனி டிக்கியிலிருந்தும் வந்தன. போனை வைத்து அளந்தபோது 80 ஹெர்ட்ஸை ஒட்டிப் பள்ளம் ஒன்று இருந்தது. அங்கே ஈக்வலைசரை ஏற்றினேன், பள்ளம் அசையவில்லை. ஏற்ற ஏற்ற இரண்டு பக்கமும் சமமாகக் கூடுகின்றன, சமமாகவே அழிகின்றன.

நாடாவை எடுத்து அளந்தேன். ஓட்டுநர் காதிலிருந்து வலது கதவு ஸ்பீக்கர் 95 சென்டிமீட்டர், இடது 135, சப்வூஃபர் 210. வலது கதவின் ஒலி சப்வூஃபரைவிட 115 சென்டிமீட்டர் முந்துகிறது, அதாவது 3.3 மில்லிநொடி. 80 ஹெர்ட்ஸில் ஒரு முழுச் சுற்றுக்கு 12.5 மில்லிநொடிதான் ஆகிறது. ஆக, முன்னாலும் பின்னாலும் கால் சுற்று விலகியே ஓடிக்கொண்டிருந்தன. என் ஸ்டீரியோவில் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தாமதப்படுத்தும் வசதி இருந்தது. வலதுக்கு 3.3, இடதுக்கு 2.15 கொடுத்தேன்.

அது தொடக்கம்தான். ஸ்பீக்கர்களும் வடிப்பான்களும் தம் பங்குக்கு நேரத்தை முன்பின் நகர்த்துவதால் நாடா சொல்வதோடு நின்றுவிட முடியாது. செம்மைப்படுத்த ஒரு முறை உண்டு. சப்வூஃபரின் பிளஸ், மைனஸை வேண்டுமென்றே மாற்றிவிட்டு, 80 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, கதவுகளின் தாமதத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். சத்தம் மிகக் குறைவாகும் புள்ளியைத் தேடுகிறோம். காது கூடுதலைவிடக் குறைவைத்தான் கூர்மையாகப் பிடிக்கும். எனக்கு வலதில் 4.1, இடதில் 2.95 வந்தபோது ஒலி ஏறக்குறைய மறைந்தே போயிற்று, இருக்கையின் முதுகில் மட்டும் லேசான அதிர்வு மிஞ்சியது. அந்த எண்களை அப்படியே வைத்துவிட்டு வயரைப் பழையபடி மாற்றினேன்.

பள்ளம் இல்லை. தொப்பி முன்னால் வந்து, டேஷ்போர்டின் மேல் உட்கார்ந்தது. சப்வூஃபர் டிக்கியில் இருக்கிறது என்று தெரிந்த என் காதுக்கே நம்ப முடியவில்லை. இறங்கிப் போய் டிக்கியைத் திறந்து, கூம்பில் விரல் வைத்துப் பார்த்தேன். அடித்துக்கொண்டுதான் இருந்தது.

இனி ஈக்வலைசர். எல்லா அலைவரிசையும் கலந்த இரைச்சலை ஓட்டி, தலையிருக்கும் இடத்தைச் சுற்றிப் போனை மெல்ல அசைத்து, முப்பது நொடியின் சராசரியைப் பார்த்தேன். போனின் மைக் மிகத் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே காட்டும், ஆகவே 40க்குக் கீழே அதை நம்பவில்லை. 63 ஹெர்ட்ஸில் மேடு ஒன்று. அங்கே 5 டெசிபல் குறைத்தேன். கூட்டியது ஒன்றும் இல்லை. குறைத்ததும் பேஸ் இன்னும் ஆழமாகக் கேட்டது, மேட்டுக்குப் பின்னால் மறைந்திருந்த 45, 50 வெளியே வந்தன. பேஸ் பகுதி மொத்தமும் நடுப்பகுதியைவிட 8 டெசிபல் உயர்ந்து நிற்கும்படி சப்வூஃபர் அளவை வைத்தேன். நின்ற காரில் இது கொஞ்சம் அதிகம் என்று தோன்றும். ஓடும்போது டயரும் சாலையும் எழுப்பும் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த அலைவரிசையில்தான் இருக்கிறது. மேலூர் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் அது சரியாக அமைந்தது.

அதிர்வுகளைத் தேட, 20 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியை ஓட்டிவிட்டு, அப்பாவை உள்ளே உட்கார வைத்து, நான் வெளியே சுற்றி வந்தேன். நம்பர் பிளேட் 52இல், பின் தட்டு 68இல், சாவி போடும் பெட்டிக்குள் கிடந்த நாணயங்கள் 90இல். ஃபோம் நாடா எல்லாவற்றையும் அடக்கியது.

அடுத்த காரைக்குடிப் பயணத்தில் அதே பதிவைப் போட்டேன். எனக்கு அமிர்தமாக இருந்தது. அப்பா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நன்றாக இருக்கிறது. ஆனால் மிருதங்கம் உன் பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறதே" என்றார். உண்மைதான். நான் வைத்த தாமதமெல்லாம் ஓட்டுநர் இருக்கைக்கு. திருப்பத்தூரில் தேநீருக்கு நிறுத்தியபோது, இடது இருக்கையிலிருந்து நாடாவைப் பிடித்து அளந்தேன். இடது கதவு 95, வலது 135, சப்வூஃபர் 205. புது எண்களைப் போட்டு இரண்டாவது நினைவகத்தில் பதிந்து வைத்தேன். அவர் ஏறி உட்கார்ந்து, தேநீர் டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு, தனி ஆவர்த்தனத்தை முதலிலிருந்து போடச் சொன்னார். கும்கி வந்த இடத்தில் அவருடைய இடது மணிக்கட்டு தொடையின் மேல் வழுக்கிப் போயிற்று.